கூரை வேய்ந்த செலவு

2023ஆம் ஆண்டு, பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளிகள் திறந்த வாரம் அது. நண்பகல் உணவுக்கு மணி அடிக்கும் முன்னரே என் பேத்தி பள்ளியிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்த நான், "என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டேன். அவள் மறுமொழி கூறாமல் தோள்பையைத் திறந்து ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். நான்கே வரிகள். நிரந்தர ஆசிரியர் ஒருவர் அப்பணியிடத்தில் வந்து சேர்ந்துவிட்டமையால், பள்ளி மேலாண்மைக் குழுவால் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த இன்னார் அன்று முற்பகலே பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்பது அவ்வரிகளின் சாரம்.

அவள் கொண்டுசென்ற உணவுப் பாத்திரம் திறக்கப்படாமலே இருந்தது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் பாதி எழுதியிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தாராம். திரும்பிச் சென்று மீதிப் பாதியை முடித்துவிட்டு வரலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். புதிய ஆசிரியர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டார், இனி அது அவருடைய வகுப்பு என்று விடை வந்ததாம். ஒரு மாணவி மட்டும் வாயில்வரை ஓடிவந்து தன் பேனாவை இவள் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. பணியேற்ற அன்றே அவள் கையொப்பமிட்டுக் கொடுத்த நிபந்தனைதான் அது. நிரந்தர ஆசிரியர் வந்தால் பதிலி ஆசிரியர் விலக வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு வேண்டுவதில்லை. இதை நானும் அறிவேன், அவளும் அறிவாள்.

இச்சிறு நிகழ்ச்சியை நம் இதழில் எழுதும் எண்ணம் எனக்கு அப்போது இருந்ததில்லை. ஆனால் அன்று மாலை அவள் என்னிடம் கேட்ட ஓர் உதவி, நாற்பது ஆண்டுகளாக நான் மூடிவைத்திருந்த பழைய கணக்கொன்றைத் திறந்துவிட்டது. அக்கணக்கிற்கு வருமுன், பதிலி ஆசிரியரைப் பற்றிய சட்டம் என்ன, அதன் எல்லை எது என்பதைச் சற்றே சொல்லிவிடுகிறேன். பி.எட். முடித்துவிட்டு வாயிலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண்மக்கள் நம் பங்குகளில் பலர் உளர். அவர்தம் பெற்றோருக்காவது இது பயன்படும்.

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு, ஆசிரியருக்கு வேண்டிய குறைந்த அளவுத் தகுதியை வகுக்க வழி செய்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23ஆம் நாள் அறிவிக்கை வெளியிட்டது. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கற்பிப்பவர் பயிற்சிச் சான்று பெற்றிருப்பது மட்டும் போதாது, தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. 150க்கு 90 மதிப்பெண் வேண்டும். தமிழகத்தில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். அந்த எண்ணைச் செய்தித்தாளில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று ஐயுற்றேன். 2014 பிப்ரவரியில் நம் அரசு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 82ஆகத் தளர்த்தியது. தேர்ச்சிச் சான்று ஏழாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றிருந்த விதியும் 2021இல் மாறி, அது ஆயுள் முழுமைக்கும் செல்லும் என்றாயிற்று.

தேறியவர்க்கெல்லாம் வேலை கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2018இல் பிறந்த அரசாணையின்படி, தகுதித் தேர்வில் தேறியவர் நியமனத்திற்கென மற்றொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் அங்கே இன்னொரு கதவு! 2013ஆம் ஆண்டுத் தேர்வில் தேறிவிட்டு, வேலையின்றி நரை கண்டவர்களும் உண்டு.

இதற்கிடையில் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், இறந்து போகிறார், பதவி உயர்ந்து வேறிடம் செல்கிறார். வகுப்பறை வெறுமனே கிடக்கிறது. பிள்ளைகளோ தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் வளர்ந்துவிடுகிறார்கள். இந்நிலையில்தான் 2022 ஜூன் மாதத்தில், அரசுப் பள்ளிகளில் காலியாயிருந்த 13,331 இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம் என்று பள்ளிக் கல்வித்துறை அறிவித்தது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. மாத ஊதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். தகுதித் தேர்வில் தேறியவர்கள் காத்திருக்கையில், ஊர்க் குழுவின் விருப்பப்படி ஆளைப் பொறுக்கியெடுப்பது முறையா என்று கேட்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடையும் விதித்தது. அதன்பின் வழிமுறைகள் திருத்தப்பட்டன. தகுதித் தேர்வில் தேறியவருக்கு முதலிடம். அவர் இல்லையெனில், உரிய கல்வித் தகுதியுடன் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலராக உழைத்தவருக்கு இடம். பின்னர் ஊதியமும் 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தப்பட்டது.

என் பேத்தி இரண்டாம் வகையினள். 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில், இங்கே தேசூரில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே மாலைதோறும் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். கொரோனாக் காலத்தில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆரணி முதலாளிகளுக்குப் பட்டு நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் சிலர். ஆகவே பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் கணிதத்துக்குத் தேர்வு தேறிய எவரும் முன்வராதபோது, குழுவின் முன்னிலையில் மாதிரிப் பாடம் நடத்தி அவ்விடத்தைப் பெற்றாள். ஆறு மாதத்துக்கும் சற்றே மேல். ஊதியம் முதல் மூன்று மாதம் வரவில்லை, பிறகு சேர்ந்து வந்தது. அடுத்த பிப்ரவரியில் தகுதித் தேர்வு எழுதினாள். 79. மூன்று மதிப்பெண் குறைவு.

பதிலிக்கு எல்லை வகுப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. என் தம்பி மகள் கலிபோர்னியாவில் வாழ்கிறாள். அங்கே பட்டம் பெற்றவர் எவரும் விண்ணப்பித்துப் பதிலி ஆசிரியருக்கான முப்பது நாள் அனுமதிச் சீட்டைப் பெறலாம். ஆனால் வழக்கமான விதிப்படி, ஓர் ஆசிரியருக்குப் பதிலாக ஒரு கல்வியாண்டில் 30 நாள்களுக்கு மேல் நிற்கக் கூடாது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பாயின் 20 நாள். முப்பத்தோராம் நாள் வேறொருவர் வரவேண்டும். "பெரியப்பா, இருபத்தொன்பதாம் நாள்தான் பிள்ளைகளுக்கு என் பெயர் வாயில் வரும்" என்று அவள் ஒருமுறை தொலைபேசியில் சிரித்தாள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலுமோ கதை வேறு. போர் நடந்த ஆண்டுகளில் பள்ளிகளை மூடவிடாமல் காத்த தொண்டர் ஆசிரியர்கள், அமைதி வந்தபின் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் அமர வேண்டியதாயிற்று. நம் மாநிலத்தில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்கென 5,000 ரூபாயில் அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியரையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஊதியம் சிறிது சிறிதாக ஏறியது, பணி நிலைப்படவில்லை. தற்காலிகமாக வந்தவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அதனாலேயே நிரந்தர உரிமை பெற்றுவிட மாட்டார் என்று, உமாதேவி வழக்கு எனப்படும் கர்நாடக வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

அன்று மாலை பேத்தி கேட்டது இதுதான்: "தாத்தா, ஆறு மாதம் பணியாற்றியதற்கு ஓர் அனுபவச் சான்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு இல்லாமல் எப்படித் தருவது என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். நீங்களும் தலைமையாசிரியராக இருந்தவர்தானே! உங்களிடம் வேலை பார்த்த பதிலி ஆசிரியர்களுக்கு நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? அதே வாசகத்தை எழுதித் தாருங்கள், கொண்டுபோய்க் காட்டுகிறேன்."

நான் எழுந்து உள்ளே சென்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1983ஆம் ஆண்டு, பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், சிற்றூர் ஒன்றில் அரசு உதவி பெறும் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டா. ஐந்து வகுப்புகள், என்னோடு சேர்த்து மூன்று ஆசிரியர். அவர்களுள் ஆசிரியை ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றார். அந்நாளில் அவ்விடுப்பு 90 நாள். (இப்போது நம் மாநிலத்தில் அது 12 மாதம். தாய்க்கும் சேய்க்கும் நல்லது. ஆனால் அந்த ஓராண்டுக்கு வகுப்பில் நிற்பவர் யார் என்ற கேள்வியும் நான்கு மடங்காய் நீண்டிருக்கிறது.) பயிற்சி பெற்ற பதிலி ஆசிரியரைத் தேடி வந்தவாசிக்கும் ஆரணிக்கும் ஆள் அனுப்பினேன். நாளுக்கு இரு முறை பேருந்து வரும் ஊருக்கு மூன்று மாத வேலைக்காக எவரும் வர இசையவில்லை. பயிற்சிச் சான்று இல்லாதவரை அமர்த்தினால் கல்வித்துறை ஒப்புதல் தராது. ஒப்புதல் இல்லையேல் மானியம் இல்லை. பங்குத் தந்தைதான் தாளாளர். "எப்படியாவது சமாளியுங்கள் சார்" என்றார் சுவாமி. அந்த 'எப்படியாவது' என்ற சொல்லில் என்னென்ன அடங்கும் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊரில் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று இருந்தது. மூத்த பெண் மேல்நிலைத் தேர்வு தேறியவள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், தந்தைக்கு உதவியாகத் தறியில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறுதோறும் பூசைக்குப்பின் சிறுவருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவள். அவளை அழைத்து மூன்றாம் வகுப்பை ஒப்படைத்தேன். ஒரே நிபந்தனை: பிள்ளைகள் அவளை 'டீச்சர்' என்று அழைக்கக் கூடாது, 'அக்கா' என்றே அழைக்க வேண்டும். எவரேனும் கேட்டால், ஞானோபதேசம் சொல்ல வந்த அக்கா என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அத்தனை முன்யோசனை எனக்கு!

அவள் எப்படிக் கற்பித்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தறியில் மிஞ்சும் கழிவு நூலைக் கொண்டுவந்து, பத்து இழையை ஒரு முடிச்சாகவும், பத்து முடிச்சை ஒரு கட்டாகவும் பிள்ளைகளையே கட்டச் செய்தாள். ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் கத்திக் கத்திச் சொல்லியும் பாதிப் பேர் தலையில் ஏறியதில்லை. அவள் வகுப்பில் பின்வரிசைப் பையன்கூட நூற்றுக் கட்டை அவிழ்த்துப் பத்தாகப் பிரித்துக் கடன் வாங்கிக் கழித்தான். சிவப்பு இழையும் மஞ்சள் இழையுமாக அந்த வகுப்பறைத் தரை ஒரு பாவைப்போலக் கிடக்கும். ஒலி எழுப்பாமல் வாசலில் நின்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தோம். பள்ளி நிதியிலிருந்து கொடுத்ததற்கு வவுச்சர் வேண்டுமே! ஆசிரியை ஊதியம் என்று எழுத இயலாது. 'கூரை வேய்ந்த செலவு' என்று எழுதினேன். மூன்று மாதத்துக்கு மூன்று வவுச்சர். சத்துணவுக் கொட்டகைக்கு ஓலைக் கூரை உண்மையாகவே இருந்தது. ஆயினும் அவ்வாண்டு அதை எவரும் வேயவில்லை.

செப்டம்பர் மாதத்தில் முன்னறிவிப்பின்றி ஆய்வாளர் வந்துவிட்டார். சைக்கிள் நிறுத்தும் ஓசை கேட்டதும் நான் செய்த முதல் வேலை, மூன்றாம் வகுப்புக்கு ஓடி, "சமையற்கட்டுக்குப் போய் உட்கார்" என்று அவளிடம் சொன்னதுதான். அவள் சாக்பீசை மேசைமேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆயாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். ஆய்வாளர் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு ஒன்று கொடுத்தார். பின்வரிசைப் பையன் எழுந்து, கடன் வாங்கும் முறையைச் சொல்லி, விடையையும் சொன்னான். ஆய்வாளருக்கு வியப்பு. "யாரப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றார். பையன் தயங்காமல், புகை வந்துகொண்டிருந்த கொட்டகையைச் சுட்டிக் காட்டி, "அக்கா" என்றான்.

ஆய்வாளர் கொட்டகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குறிப்பேட்டில், மூன்றாம் வகுப்பின் கணிதத் தேர்ச்சி நன்று என எழுதினார். விடைபெறும்போது, "சார், உங்கள் பள்ளியில் அடுப்படியிலும் நல்ல பாடம் நடக்கிறதுபோலும். அடுத்த முறை நான் வரும்போது சான்றிதழ் உள்ளவர் வகுப்பில் இருக்கட்டும்" என்றார். அவர் நல்லவர், தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன். கொட்டகைக்குள் இருந்தவளுக்கு அந்த அரைமணி நேரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

விடுப்பு முடிந்து ஆசிரியை திரும்பினார். இவள் தறிக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டு ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். ஆரணியில் தனியார் சிறுவர் பள்ளி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்றும், முன்னனுபவம் இருந்தால் நல்லது என்கிறார்கள் என்றும் சொன்னாள். எனக்குச் சிரமம் வேண்டாமென்று முழு வெள்ளைத்தாள் ஒன்றையும் தானே வாங்கி வந்திருந்தாள். மூன்று மாதம் பாடம் நடத்தினேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். நான் சொன்ன விடை எழுத்துக்கு எழுத்து இன்றும் நினைவிலிருக்கிறது: "பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு எப்படியம்மா சான்று தருவது?" அவள் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதிவேட்டில் அவள் பெயரை எழுதாமல் விட்டவன் யார் என்று அவளும் கேட்கவில்லை.

வவுச்சரில் எழுதிய பொய்யை அவ்வாண்டுத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சான்று மறுத்ததைச் சொல்லவில்லை. அது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விதியைக் காத்ததாகவே நினைத்திருந்தேன்.

விதியின்மேல் எனக்கு இன்றும் வெறுப்பில்லை. பணமுள்ளவன் தன் பிள்ளைக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வான். ஏழையின் பிள்ளைக்கு அரசின் சட்டம் ஒன்றுதான் அரண். சான்றிதழ் வேண்டாம், எவர் வேண்டுமானாலும் வகுப்பில் நிற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், நிரந்தர ஊதியம் பெறுகிறவர் வீட்டிலிருந்துகொண்டு, அற்பக் கூலிக்கு ஆள் வைத்துப் பாடம் நடத்துகிற கொடுமைதான் மிஞ்சும். நாட்டின் பல பகுதிகளில் அது நடந்திருக்கிறது. 2024இல் நம் மாநிலத்திலும் அத்தகைய செய்தி வந்தது. ஆசிரியருக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்பதை நம் திருச்சபையைவிட முன்னதாக உணர்ந்தவர் சிலரே. புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் 1685ஆம் ஆண்டளவில் பிரான்சின் ரீம்ஸ் நகரில், நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென ஆசிரியரைப் பயிற்றும் கூடம் அமைத்தார். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், கத்தோலிக்கப் பள்ளியின் ஆசிரியர்கள் உலக அறிவிலும் சமய அறிவிலும் உரிய தகுதிச் சான்றுகளோடு நன்கு ஆயத்தம் செய்யப்பட வேண்டும் என்கிறது. சான்றிதழைக் கேட்பது குற்றமன்று. சான்றிதழ் இல்லாதவளின் உழைப்பை வாங்கிக்கொண்டு, அந்த உழைப்பு நடந்ததே இல்லை என்று எழுதியதுதான் என் குற்றம்.

பேத்திக்கு அன்று வாசகம் எழுதிக் கொடுத்தேன். பணியாற்றிய நாள், வகுப்பு, பாடம், பெற்ற ஊதியம் என எல்லாம் உள்ளபடி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இவை ஏற்கெனவே பதிவாகியிருக்கும், அதைப் பார்த்து நகல் எடுப்பதற்குத் தனி உத்தரவு எதற்கு என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் சான்று கிடைத்தது. இத்தகைய பணியில் சேரும் நம் பிள்ளைகள், சேரும் நாளன்றே நியமனக் கடிதத்தின் நகலையும், தீர்மானத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. விலகும் நாளில் கேட்டால் எவருக்கும் நேரம் இராது.

ஆனால் மற்றவளுக்குரிய கடனை மேலும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். அவள் எங்கிருக்கிறாள் என்று தெரியாது என்பது ஒரு சாக்கு. முழங்கால் வலி மற்றொரு சாக்கு.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்னரே பணியில் சேர்ந்தவராயினும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர் தேறாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது என்பது அத்தீர்ப்பு. சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதத்தில் வந்த முந்தைய தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியையும் அது எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. நம் ஆர்.சி. பள்ளிகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் அன்றுமுதல் வேறு பேச்சில்லை. என் பழைய மாணவர் ஒருவர், இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர், என்னிடம் வந்து, "ஐயா, இத்தனை ஆண்டு பாடம் நடத்தியதெல்லாம் என்ன கணக்கு?" என்று கண் கலங்கிக் கேட்டார். தாள் இல்லையேல் உழைப்பு இல்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதை அன்று மிக அருகில் பார்த்தேன். 1984இல் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்ட முகம் அது.

விசாரித்தேன். பழைய பங்கின் உபதேசியார் மகன் வழியாகச் செய்தி கிடைத்தது. அவள் ஆரணியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். அவ்வாண்டு நவம்பரில் தகுதித் தேர்வை மறுபடியும் எழுதி முடித்திருந்த என் பேத்தியை உடன் அழைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிச் சென்றேன். போகும் வழியில் சேத்துப்பட்டில் இறங்கி லூர்து அன்னையின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றினோம். அங்கே வேண்டியது இன்னதென்று பேத்தி கேட்கவில்லை. ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் தவிர, எல்லாவற்றையும் அவளிடம் பேருந்திலேயே சொல்லிவிட்டிருந்தேன்.

வீட்டின் முன்கட்டில் குழித்தறி இருந்தது. பாவு ஏற்றாமல் வெறுமனே கிடந்தது. அறுபது கடந்த அம்மையார் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை உற்றுப் பார்த்து, "பெரிய சார்!" என்றார். நான் கொண்டுசென்ற தாளை நீட்டினேன். 1983ஆம் ஆண்டில் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை, இன்ன பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாக இவர் பணியாற்றினார் என்றும், பதிவேட்டில் பெயர் இடம்பெறாமைக்கு அன்றைய தலைமையாசிரியனாகிய நானே பொறுப்பு என்றும், ஊதியம் வேறு பெயரில் எழுதப்பட்டது என்றும் என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். இனி அது எந்த அலுவலகத்துக்கும் பயன்படாது என்பதை இருவரும் அறிவோம்.

அவர் மெல்ல, வாய்க்குள் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, மறுமுறையும் படித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு உள்ளம் ஒடுங்கிவிட்டது.

"சார், மூன்றாம் வகுப்பு மட்டும் எழுதியிருக்கிறீர்களே" என்றார். "பிற்பகலில் நான்காம் வகுப்புக்குக் கணக்கும் நான்தான் எடுத்தேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்."

பேத்தி தன் பையைத் திறந்து, அந்த மாணவி கொடுத்த பேனாவை எடுத்து நீட்டினாள். தறி மேடையின்மேல் தாளை வைத்து, அவர் சொன்னபடியே ஒரு வரி சேர்த்து எழுதி, மறுபடியும் கையொப்பமிட்டேன்.